விளக்கு வைத்த பிறகு உப்பு

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தோட்டத்தில் எல்லோரும், "கடற்கரை நல்லா இருக்குமாம், பார்த்துட்டு வாங்க சிஸ்டர்" என்றார்கள். போய் நான் பார்த்ததெல்லாம் வயிற்றுப்போக்குதான். கடலை ஒரே ஒரு தடவை, பஸ் ஜன்னல் வழியாக, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் பார்த்தேன். நன்றாகப் பார்ப்பதற்குள் முன்சீட்டுக்காரர் ஜன்னலை மூடிவிட்டார்.

நான் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தொழிலாளர் லயங்களில் குழந்தைக்குப் பேதி கண்டால் நரம்பில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றுவோம். பாட்டில் தீர்ந்துபோனால் டவுனுக்கு லாரி பிடிப்போம். லாரி கிடைக்காவிட்டால் முனியாண்டியைக் கும்பிடுவோம். இந்தியாவில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்தே பிள்ளைகளைப் பிழைக்க வைக்கிறார்களாம், அதைத் தாய்மாருக்கே சொல்லித் தருகிறார்களாம், போய்ப் பார்த்துவிட்டு வா என்று எங்கள் பெரிய டாக்டர் அனுப்பிவைத்தார். அவர் சீனர். "அங்கே உங்க ஆளுங்கதானே, உனக்கென்ன கஷ்டம்?" என்றார். கஷ்டம் என்னவென்று வில்லியனூரில் இறங்கிய முதல் நாளே தெரிந்தது. அவர்கள் என் ஆட்கள்தான். அதனால் நான் சொன்ன எதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றும் பொறுப்பு மேரிக்கு. வில்லியனூரை ஒட்டிய மாதா கோயில் கிராமத்துக்காரி, அங்கே பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்று பெயர், அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சுகாதார நர்ஸ். முப்பது வயது இருக்கும். பார்த்த கணத்திலிருந்து என்னை அக்கா என்றாள். தங்கலும் அவள் வீட்டில்தான். விடிவதற்கு முன்பே கோயில் மணி அடிக்கும், அதற்கும் முன்பே அவள் வீட்டு அடுப்பில் கருவாடு மணக்கும். எனக்கு விடிகாலையில் ஒரு கோப்பி போதும். அவளோ பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, "சாப்டுங்க அக்கா, மத்தியானம் சோறு எங்க கெடைக்கும்னு சொல்ல முடியாது" என்பாள். அவள் சொன்னது உண்மை. பல நாள் மத்தியானச் சாப்பாடு டீக்கடையில் ஒரு பொரையும் மசால்வடையுமாகத்தான் முடிந்தது.

போக்குவரத்து மேரியின் சைக்கிள். பின்னால் கேரியரில் நான். என் எடையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. வரப்பு மேட்டில் ஏறும்போது அவள் மாதாவைக் கூப்பிட்டாள், நான் முருகனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் வரவில்லை, இறங்கித் தள்ளினோம்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரே கதைதான். மரத்தடியில் பெண்களைக் கூட்டுவோம். மேரி ஒரு சொம்பு தண்ணீர் கேட்பாள். ஒவ்வொரு வீட்டுச் சொம்பும் ஒவ்வொரு அளவு, அதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். பிறகு ஒரு கைப்பிடி சர்க்கரை, மூன்று விரலால் கிள்ளிய உப்பு. கலக்கி எல்லோர் உள்ளங்கையிலும் ஊற்றுவாள். "நக்கிப் பாருங்க. கண்ணீர விட உப்பு கரிக்கக் கூடாது. கரிச்சா கொட்டிட்டு வேற கலக்குங்க. ஜாஸ்தி உப்பு புள்ளைக்கு வெஷம்." பெண்கள் நக்குவார்கள், தலையாட்டுவார்கள். அப்புறம் என் பக்கம் திரும்புவார்கள்.

"சிங்கப்பூரு தைலம் கொண்டாந்தீங்களா?"

சிங்கப்பூர் இல்லை, மலேசியா என்பேன். "எல்லாம் ஒண்ணுதான, தைலம் இருக்குதா இல்லியா?" என்பார்கள்.

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பெண் மட்டும் எழுந்து நின்று கேட்டாள். "வயித்தால போற புள்ளைக்கு மேல மேல தண்ணி குடுத்தா இன்னும்தான போவும்? ஓட்டக் கொடத்துல யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா?"

மேரி சளைக்கவில்லை. "ஓட்டைய ஒடனே அடைக்க முடியலன்னா இன்னா பண்ணுவ? ஊத்திக்கினேதான் இருக்கணும். கொடம் காலியாவக் கூடாது, அவ்ளோதான்." அந்தப் பெண் யோசித்துத் தலையாட்டினாள். மறுநாள் அதே வழியாக வந்தபோது அவள் பிள்ளைக்கு நிஜமாகவே வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தாள். தொக்கம் எடுக்கிறவரிடம் காட்டி, பிள்ளை வயிற்றில் சிக்கியதை எடுத்தாயிற்றாம், மூன்று வேளை பச்சைத் தண்ணீர் ஆகாதாம். மேரி அங்கேயே உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தண்ணீரைக் கலக்க ஒரு நிமிடம் போதும், அதைக் குடிக்க வைக்க ஒரு ஆயுள் போதாது என்று அப்போது தோன்றியது. எங்கள் தோட்டத்தில் யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை, ஊசியைக் குத்திவிட்டுப் போய்விடலாம். எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

பாகூர்ப் பக்கம் போன நாள் மழை. ஐப்பசி மழை தொடங்கி வாரமாகியிருந்தது. பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் வயசான பென்ஷன்காரர்கள் இரண்டு பேர், அந்தக் காலத்தில் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர்கள், வெள்ளை வெளேரென்று சட்டை போட்டுக்கொண்டு பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். கேட்க அவ்வளவு கம்பீரமாக இருந்தது. ராஜாங்க விஷயம் போலிருக்கிறது என்று மேரியிடம் சொன்னேன். அவள் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். காது கொடுத்துக் கேட்டுவிட்டு மொழிபெயர்த்தாள். "அந்தப் பெரியவருக்கு நாலு நாளா வெளிய போவலையாம். இவரு வெளக்கெண்ண சாப்புடச் சொல்றாரு." இந்தக் கொம்யூன்களில் ஒருவருக்காவது நேர்மாறான கஷ்டம் இருக்கிறதே என்று எனக்கு ஓர் ஆறுதல்.

பஸ் தமிழ்நாட்டுக்குள் போவதும் பாண்டிச்சேரிக்குள் திரும்புவதுமாக இருந்தது. எல்லையைக் காட்டுவது போர்டு இல்லை, சாராயக்கடைதான். பாகூர் தாண்டி ஒரு பள்ளத்து ரோட்டில் தண்ணீர் ஓடியது. டிரைவர் நிறுத்தினார், யோசித்தார், பீடி பற்ற வைத்தார், பிறகு துணிந்து இறக்கினார். நடுவில் எஞ்சின் நின்றது. "எறங்குங்க, எறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர். தள்ளினோம், நகரவில்லை. நானும் மேரியும் முழங்கால் தண்ணீரில் நடந்தே கரையேறினோம். ஏறும்போது மேரி சறுக்கி விழுந்தாள், அவளுடைய தோள்பையும் தண்ணீருக்குள் போய் வந்தது.

பையில் இருந்தது அவளுடைய பல நாள் சாயங்காலம். உப்பும் சர்க்கரையும் அளந்து பாலிதீன் பையில் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் வாயை ஒட்டி ஒட்டி வைத்திருந்தாள். பாதி ஒட்டு விட்டிருந்தது. பொட்டலமெல்லாம் சேற்றுப் பாகாகிவிட்டது. மேரி விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "இனிப்பாதான் கீது அக்கா" என்றாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினோம்.

தென்பெண்ணை ஆற்றோரம் நாங்கள் போக வேண்டிய ஊரை அடைந்தபோது வீடுகளில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையிலேயே ஒரு ஆள் ஓடிவந்தார். அவர் பெயர் முருகேசன். அவருடைய பத்து மாதப் பையனுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றால் போகிறது, வாந்தியும் இருக்கிறது. வண்டி பிடித்துப் பாகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நினைத்தால் அந்த ஊரில் இருந்த இரண்டு மாட்டுவண்டியும் வெளியூரில் மாட்டிக்கொண்டன. "பாகூருக்கே நடந்து போயி வண்டி இட்டாறன். அதுவரைக்கும் பாத்துக்கங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

வீட்டுக்குள் அவர் மனைவி அஞ்சலை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. கண் குழி விழுந்திருந்தது. உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. வாயைத் திறந்து அழுதான், ஆனால் சத்தமும் இல்லை, கண்ணில் ஈரமும் இல்லை. காலையிலிருந்து மூத்திரமும் போகவில்லை என்றாள் அஞ்சலை. தண்ணீர் சொட்டினால் மட்டும் நாக்கை நீட்டி விழுங்கினான். அது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்த நம்பிக்கை. விடியும்வரை வண்டி வராது. வண்டி வரும்வரை இந்தப் பிள்ளை தாங்க வேண்டும்.

"உப்பு கொண்டா அஞ்சல" என்றாள் மேரி.

அஞ்சலை உப்புப் பானையைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினாள். அடியில் ஈரம் மட்டும் இருந்தது. மழையால் மரக்காணத்து உப்பு வண்டி ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. கடை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வாய்க்காலில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். வெல்லம் இருந்தது, அரிசி இருந்தது. உப்பு இல்லை. வெல்லத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கத் தொடங்கினோம். ஆனால் பேதியில் தண்ணீரோடு சேர்ந்து உடம்பிலிருந்து உப்பும் போய்விடுகிறது, அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கொடுத்த தண்ணீர் உடம்பில் தங்காது. பாதி மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீடு அஞ்சலையின் ஓரகத்தி பாக்கியத்தினுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நானே போய்க் கதவைத் தட்டினேன். "ஒரு சிட்டிகை உப்பு வேணும்மா, பிள்ளைக்கு."

பாக்கியம் வாசலுக்குள்ளேயே நின்றாள். விளக்கு மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "வெளக்கு வச்சாச்சே நர்சம்மா. வெளக்கு வச்சப்புறம் உப்பு வாசப்படி தாண்டக் கூடாது. வூட்டு லட்சுமி போயிடும்."

"பிள்ளை உயிர் போகுதும்மா!"

"எனக்கு மட்டும் அவன் புள்ள இல்லியா? போன மாசி ஒருத்தி அழுதான்னு ஒரு கை உப்பு குடுத்தன். அந்த வாரமே கறவ மாடு செத்துச்சு. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்குது. மறுபடி எது போவும்னு எனக்குத் தெரியுமா?"

நான் அன்றைக்குக் காலையிலிருந்து சேற்றில் நடந்தவள். அதற்கு முன்னால் நாள்கணக்கில் தலையாட்டல்களைப் பார்த்தவள். பொறுமை எங்கோ வழியில் கழன்று விழுந்திருந்தது. மாடு உப்பாலயா செத்தது, உனக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் முகம் சுருங்கியது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா அக்கா நீங்க! அதுங்கிட்ட அப்படிப் பேசலாமா? இந்தத் தெருவுல யார் வூட்ல கேட்டாலும் இதே பதில்தான் வரும். எங்க ஊர்ல வேதக்காரங்க நாங்களே வெளக்கு வச்சா உப்பு குடுக்க மாட்டோம்." எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. எங்கள் லயத்தில்கூட அப்படித்தான், ராத்திரியில் உப்பு என்ற பெயரையே சொல்ல மாட்டார்கள் என்பது ஞாபகம் வந்ததும், யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைக்குக் கண் செருகத் தொடங்கியிருந்தது. வெல்லத் தண்ணீர் உள்ளே போன அளவு வெளியே வந்துகொண்டிருந்தது. அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தோட்டப்பக்கக் கதவு திறந்தது. பாக்கியம் ஒரு குண்டானை முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆவி பறந்தது. என் முகத்தைப் பார்க்காமல் அஞ்சலையிடம் வைத்தாள்.

"கஞ்சி. இப்பத்தான் வடிச்சன். உப்பதான் குடுக்கக் கூடாது, சோறு தண்ணி குடுக்கலாம். எங்க அடுப்புல வெச்சு, நானே உப்பு போட்டுட்டன். இப்ப அது உப்பு இல்ல, கஞ்சி. குடு புள்ளைக்கு."

மேரி என்னைப் பார்த்தாள், நான் மேரியைப் பார்த்தேன். சர்க்கரைக்குப் பதில் அரிசிக் கஞ்சியும் ஆகும் என்று எங்கள் டாக்டர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நிமிடம் நான் பாக்கியத்தின் காலில் விழத் தயாராக இருந்தேன். அதற்குள் அஞ்சலை ஒரு கரண்டி மொண்டு, ஊதி ஆற்றி, பிள்ளை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள்.

பழக்கதோஷம், நான் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். நாக்கு சுருண்டுவிட்டது. கடல் தண்ணீர் தேவலை. அஞ்சலையின் கையைத் தட்டிவிட்டேன். கரண்டி சுவரில் போய் அடித்தது.

"இன்னா பண்றீங்க!" என்று அஞ்சலை அலறினாள்.

"இவ்வளவு உப்பு உள்ளே போனா பிள்ளை செத்துடும்" என்றேன்.

பாக்கியத்துக்கு வந்ததே ஆத்திரம். "உப்பு உப்புன்னு உயிர எடுத்தீங்க. இப்ப உப்பு ஜாஸ்தின்றீங்க! தெருவுல நிக்க வெச்சுக் கேட்டீங்களே நெஞ்சுல ஈரம் இல்லியான்னு. பானையில இருந்தத அத்தினியும் போட்டன். ராவுக்கெல்லாம் வேணுமே, எத்தினி வாட்டி எடுத்தாற முடியும்? நாளைக்கு எங்க வூட்டுக் கொழம்புக்கே உப்பு இல்ல."

வாசல் தாண்டக் கூடாத உப்பை, ஒரு கல் மிச்சமில்லாமல், கஞ்சிக்குள் ஒளித்து அனுப்பியிருக்கிறாள். உப்புக்கு வழி கண்டுபிடித்தவள் அளவைப் பற்றி யோசிக்கவில்லை. அவளிடம் யார் அளவு சொன்னது? நான் கேட்டது ஒரு சிட்டிகை, அதற்கப்புறம் நான் கத்திய கத்தலில் அதுவும் அடிபட்டுப் போயிருக்கும்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். "உன் கஞ்சி வீணாகாது. இதுதான் இப்ப மருந்து."

அஞ்சலையின் அடுப்பில் அரிசி போட்டு உப்பில்லாக் கஞ்சி காய்ச்சினோம். அதில் பாக்கியத்தின் கஞ்சியைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினாள் மேரி. விடுவதும் நக்குவதும், விடுவதும் நக்குவதும். "கண்ணீர விடக் கரிக்கக் கூடாது" என்று வழக்கம்போல முணுமுணுத்தாள். அஞ்சலைக்குக் கண்ணீர் கன்னத்தில் வழிந்து வாய்வரைக்கும் வந்திருந்தது. உதட்டை நக்கினாள், கஞ்சியை நக்கினாள். "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றாள். ஊற்றினோம். மறுபடி பார்த்தாள். "இப்பச் சரியா இருக்குது." நான் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு எழுத அதிகம் இல்லை. கரண்டியால் ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். ஒரு தடவை முழுவதும் வாந்தி எடுத்தான். அஞ்சலை அவ்வளவுதான் என்று கரண்டியைப் போட்டுவிட்டாள். "கொஞ்சம் பொறுத்து மறுபடி குடு, வாந்தியில எல்லாமும் போயிடாது" என்று மேரி கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். அஞ்சலைக்குக் கை ஓய்ந்தபோது பாக்கியம் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டுக்கே போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. நான் சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உடம்பு கேட்கவில்லை.

என்னை எழுப்பியது பாக்கியத்தின் குரல். "ஐயோ, பேஞ்சிட்டான்! யெம்மா நர்சம்மா, மூத்திரம் பேஞ்சிட்டான்!"

வெளியில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் மடிப் புடவை நனைந்திருந்தது. அதைத் துடைக்காமல், அசையாமல், இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். விட்டதும் மடிப்பு படிந்துவிட்டது. கிள்ளியதற்கு அவன் என்னைப் பார்த்து நன்றாகச் சத்தம் போட்டு அழுதான். மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அஞ்சலை பாக்கியத்தின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். "போடி, கஞ்சி ஆறுது பாரு" என்றாள் பாக்கியம்.

முருகேசன் வண்டியோடு வந்தபோது மழை விட்டிருந்தது. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பழைய புடவை விரித்து, தலைக்கு ஒரு துணிச் சுருட்டும் வைத்துத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வந்து பார்த்தார். பிள்ளை கரண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த நிலையில் குலுங்கும் வண்டியில் பிள்ளையை ஏற்ற வேண்டாம், தான் இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள் மேரி. ஆனால் ஆஸ்பத்திரியில் நல்ல உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் வாங்கி அந்த வண்டியிலேயே அனுப்ப வேண்டும். எனக்கும் ஊர் திரும்பும் நாள் நெருங்கியிருந்தது. ஆகவே பிள்ளைக்கு வந்த வண்டியில் நான் ஏறினேன். பாக்கியம் கிட்டே வந்து ஒரு பொட்டலம் கொடுத்தாள். "வழியில சாப்டுங்க. உப்பு இல்லாத அடைதான்" என்றாள். அவள் சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை. வண்டி நகர்ந்ததும் வைக்கோலில் படுத்தவள்தான், பாகூர் ஏரிக்கரையை நான் பார்க்கவேயில்லை.

வண்டி நின்றதும் விழித்தேன். ஆஸ்பத்திரி வாசல். முருகேசன் ராத்திரியே இங்கே வந்து பிள்ளை வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நர்ஸ் படியிறங்கி வந்தாள். வைக்கோலைப் பார்த்தாள், விரித்த புடவையைப் பார்த்தாள், வண்டிக்காரரையும் என்னையும் தவிர வேறு யாரும் இல்லாததைப் பார்த்தாள். நடையை மெதுவாக்கிக்கொண்டு, இந்த வேலையில் எத்தனையோ தடவை கேட்டுப் பழகிய தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"புள்ள எங்கம்மா?"

"வீட்டுல இருக்கான்" என்றேன். "கஞ்சி குடிக்கிறான்."